மஞ்சள் பூசிய குட்டி

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறை கூட்டித் துடைப்பது என் வேலை. போன மார்கழியில் மழை விடவில்லை. மலைக் குரங்குகள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. சென்னையில் காலேஜில் விலங்கியல் நடத்தும் அம்மா ஒருவர் அங்கே தங்கியிருந்தார். குடை பிடித்துக்கொண்டு அவற்றையே பார்ப்பார்.

"இதுங்களோட மூதாதைங்க குளிர் நாட்டுல இருந்துதாம், தெரியுமா? எலி அளவுதான்."

"கொரங்கு வெயில்ல பொறந்தது இல்லியாம்மா?"

"நாங்களும் அப்டித்தான் நெனச்சோம். பனிக்காலத்துல பொந்துல சுருண்டு மாசக்கணக்கா தூங்கியிருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. ஒடம்பு சில்லுனு ஆயிடும். மூச்சு எப்பவோ ஒண்ணு. பாத்தா செத்த மாதிரி."

மறுநாள் காலை மாடியில் ஒரு குட்டி தண்ணீரில் கிடந்தது. விறைத்திருந்தது. விடுதி வாசலில் ஆட்டோ போடும் அண்ணன் கோலால் தாய்க்குரங்கை விரட்டிவிட்டு அதைக் கீழே கொண்டுவந்தார். எங்கள் ஊரில் குரங்கு செத்தால் ஆஞ்சநேயர் மாதிரி. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டுத்தான் புதைப்போம். அவர் வேப்பமரத்தடியில் குழி வெட்டினார். நான் குழாயடியில் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஐஸாக இருந்தது.

வயிற்றில் மஞ்சள் பூசும்போது அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கை நின்றுவிட்டது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் கையே மரத்திருந்தது. அதில் என்ன தெரியும்?

"இன்னாம்மா, குழில தண்ணி ரொம்புது. குடு."

"இருண்ணா. செத்துச்சானு தெரியல."

"தெரியாமயா குளிப்பாட்டுன?"

ஓடிப்போய் அந்த அம்மாவை எழுப்பினேன். அவர் வந்து காது வைத்துக் கேட்டார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

"அந்தத் தூக்கமாம்மா இது?"

"இல்லீங்க. இந்தக் கொரங்குக்கு அது வராது. குளிர் தாங்கல. ஈரத்தைத் தொடச்சி ஒடம்போட அணைச்சி வெச்சிக்குங்க. நெருப்புகிட்ட கொண்டுபோகாதீங்க."

துடைத்து, பழைய போர்வையில் சுற்றி, வயிற்றோடு கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். தாய் பக்கத்துத் தகரக் கூரைமேல் குதித்துக் குதித்துக் கத்தியது. நான் குளிப்பாட்டியதிலேயே போயிருக்குமோ? அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆஞ்சநேயர மடில வெச்சிக்கினு பாவம் சேத்துக்காத. ஆவறது ஆவட்டும், குடுத்துடு."

"கொஞ்சம் சும்மா இருண்ணா."

வெகுநேரம் கழித்து வயிற்றருகே ஏதோ பிராண்டியது. என் துணியோ என்று நினைத்தேன். மறுபடி பிராண்டியது. அந்த அம்மா குனிந்து பார்த்தார். "மூச்சு இருக்கு."

அடுத்த பயம் வந்தது. மஞ்சள் வாசனையோடு தாய் சேர்த்துக்கொள்ளுமா? கழுவவும் முடியாது. உடம்பு சூடேறியதும் குட்டி கண் திறந்தது. மாடிச் சுவரில், நனையாத ஓரமாக வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றோம். தாய் வந்தது. முகர்ந்தது. பின்வாங்கிச் சீறியது. போய்விட்டது. திரும்ப வந்தது. வயிற்றை நக்கியது, துப்பியது, நக்கியது. பிறகு வாரி அணைத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் போனது.

அண்ணன் குழியை மூட மண்வெட்டியை எடுத்தார்.

"வேணாண்ணா. மழ விடட்டும், அதுவரைக்கும் குட்டி தாங்கணும்ல" என்றேன்.

அவர் மண்வெட்டியை மரத்தில் சாய்த்தார்.