கங்கா பார்த்த முகங்கள்

ஒரகடம் பக்கத்து வயர் கம்பெனியின் கேட்டில் பெண்களைச் சோதித்து அனுப்புவது கங்காவின் வேலை. எட்டு வருஷமாகிறது. சேரப்பணஞ்சேரிக்காரி, அதற்கு முன்னால் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். ஆள் எடுக்க வந்த ஏஜென்சிக்காரன் அவளுடைய தடித்த புருவத்தையும் இறுகிய வாயையும் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சி போதும், எவளும் எதையும் தூக்கினு போவ மாட்டா" என்று அங்கேயே யூனிஃபார்ம் கொடுத்துவிட்டான். வீட்டில் பல்லி விழுந்தாலே அலறுகிறவள் என்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் மூஞ்சியில்தான் எல்லாம் இருக்கிறது என்ற எண்ணம் அன்றிலிருந்து கங்காவுக்கு ஊறிப்போனது.

போன ஆடியில் வயர் தயாரிக்கும் லைனிலிருந்து செம்புக் கம்பி காணாமல் போக ஆரம்பித்தது. கங்காவின் கண் நேராக மாரிசெல்வியிடம் போனது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். வாய் ஒரு பக்கம் கோணி, எப்போதும் யாரையோ ஏளனம் செய்வதுபோல இருப்பாள். கங்கா தினமும் அவளைத் தனியாக நிறுத்தினாள். டிபன் பாக்ஸ், செருப்பு, பின்னல் என்று எதையும் விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே சந்தேகத்தைக் கூட்டியது.

"ஏங்க்கா, தினமும் என்னை மட்டும் நிப்பாட்டுதீய?"

"உன் மூஞ்சி அப்டி கீது."

"சின்னப்பிள்ளையில காய்ச்சல் வந்து வாய் இழுத்துட்டுக்கா. நான் என்ன செய்ய?"

இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறாள் பார் என்றுதான் கங்கா நினைத்தாள்.

கேன்டீன் நடேசனுக்குக் குழந்தை முகம். "சாப்டியாம்மா?" என்று கேட்காமல் கேட்டைத் தாண்டியதில்லை. மிச்சச் சோற்று டிரம்மை அவன் டெம்போவில் ஏற்றும்போது, கூட நிற்கும் காவலாளியிடம், "அவர இன்னாத்துக்குப் பாக்குற, வுடு" என்பாள் கங்கா. ஒரு மதியம் டிரம் கைநழுவிக் கவிழ்ந்தது. சாம்பாரும் சோறும் கொட்டி, அடியிலிருந்து செம்புச் சுருள்கள் உருண்டு வந்தன. நடேசன் அப்போதும் சிரித்தபடியே நின்றான்.

 அன்று சாயங்காலம் மாரிசெல்வி வந்தபோது கங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, போ" என்றாள். அவள் போகவில்லை. தானே பாக்ஸைத் திறந்து நீட்டினாள். பத்து நாள் அப்படியே நடந்தது. புதிதாக வந்த கேன்டீன்காரர் சிரித்து வணக்கம் வைத்தபோதும், இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று கங்காவுக்குள் குறுகுறுத்தது.

அடுத்த மாதம் கேட்டில் ஒரு பட்டன் வைத்தார்கள். வெளியே போகிறவர்கள் அமுக்கும்போது பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் சோதனை. யாருக்கு எது எரியும் என்பது குலுக்கல் மாதிரிதான். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் நாளே மாரிசெல்விக்குச் சிவப்பு எரிந்தது. கங்காவின் கை நீளவில்லை.

"உன்னத் தப்பா நெனச்சுட்டேம்மா" என்றாள் மெதுவாக.

"தெரியும்க்கா. சட்டுனு பாருங்க, பஸ்சு போயிரும்."