அம்மா கழற்றிய செருப்பு

"படிச்ச பிள்ளை, அம்மாவை ரோமிலை துலைச்சுப்போட்டு வராதை" என்று பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடை வைத்திருக்கும் மாமா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்குக் கோபம் வந்தது.

ரோமில் ஒரு பெரிய தேவாலய வாசலில், ஊரில், மன்னார்த் தேவாலயங்களில் செய்வதுபோல அம்மா செருப்பைக் கழற்றினார். "இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை அம்மா" என்று சீறிவிட்டு முன்னால் நடந்தேன். உள்ளே படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் அவரைக் காணவில்லை. அவருடைய கைபேசியும் என் பையில்தான் இருந்தது. கூட்டத்துக்குள் அழுதழுது தேடினேன்.

அம்மா வெளியே, சுடுகல்லில், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். "செருப்போடை உள்ளுக்கு வர மனமில்லை. கழட்டினா உனக்கு வெட்கம். அதுதான் இஞ்சை நிண்டன்" என்றார்.

இப்போது அம்மாவின் கைபேசி அவரிடமே இருக்கிறது. அன்று பின்னேரம் அடுத்த தேவாலய வாசலில், என் சப்பாத்தை நான்தான் முதலில் கழற்றினேன்.