பட்டியலில் இல்லாத மூன்று குழிகள்

அவரை வேலையிடத்தில் எல்லோரும் ‘எத்தனையடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருபத்திரண்டு வருடமாக டிரில்லர் வேலை. யார் எதைச் சொன்னாலும் அவருக்கு முதலில் ஆழம் தெரிந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு நாய் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது என்று ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னபோதுகூட, “எத்தனை அடி?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். நாயை அவரே இறங்கித் தூக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெயர் என்னவோ கேள்விக்குத்தான் கிடைத்தது.

வண்டி நின்று, கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் அவர் லீவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். துளையிலிருந்து வந்து விழும் கல்தூளைக் கையில் அள்ளி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். “இன்னும் மூணு ராடு” என்பார். ஒரு ராடு இருபது அடி. பெரும்பாலும் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்துவிடும். வராத நாளும் உண்டு. துளையிலிருந்து வெறும் தூசி மட்டும் கிளம்பினால் அதைப் ‘புகை’ என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் கிளம்புவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். குனிந்து வண்டியின் டயர்களைப் பரிசோதிப்பார். அவ்வளவு அக்கறையாகப் பார்க்கப்பட்ட டயர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பங்குச் சந்தையில் என்ன வேலை என்று கேட்கலாம். அவருடைய மனைவியே கேட்டார். அதற்குக் காரணம் மழை. மழை பெய்தால் யாரும் கிணறு போடக் கூப்பிட மாட்டார்கள். அப்படி ஒரு மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து, பாத்திரத்தை ஏன் இங்கே வைத்தாய், அங்கே வைத்தாய் என்று கேட்டு மனைவியின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அக்காவின் முகத்தைப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொண்டு, அவர் கைப்பேசியில் பங்கு வாங்கி விற்கும் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தான்.

முதலில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வங்கி, சிமெண்ட், மருந்து என்று என்னென்னவோ ஓடியது. பிறகு ஒருநாள், தங்கம் தேடும் சின்னக் கம்பெனி ஒன்றின் அறிவிப்பு கண்ணில் பட்டது. உள்ளே ஒரு பட்டியல். துளை எண், ஆழம், எந்தச் சாய்வில் போட்டது, எத்தனையாவது மீட்டரிலிருந்து எத்தனையாவது மீட்டர் வரை டன் கல்லுக்கு எத்தனை கிராம் தங்கம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது நம்ம வேலைடீ. அவங்க தங்கத்துக்குப் போடுறாங்க, நாம தண்ணிக்குப் போடுறோம், அவ்வளவுதான்” என்றார் மனைவியிடம்.

“அப்படியே அவங்க சம்பளத்தையும் கேட்டுச் சொல்லுங்க” என்றார் மனைவி.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு புது உலகம் கிடைத்தது. சுரங்கமே இன்னும் தோண்டாத, கையில் ஒரு மலையும் வாடகைக்கு ஒரு துளை வண்டியும் மட்டும் வைத்திருக்கிற கம்பெனிகள் எத்தனையோ இருந்தன. அவற்றின் பங்கு விலை ஒரு கோப்பை டீ விலையைவிடக் குறைவு. ஒரு நல்ல துளை விழுந்தால் விலை எகிறும். விழாவிட்டால் கம்பெனியே காணாமல் போகும். அவர் லாப நஷ்டக் கணக்கையெல்லாம் புரட்டமாட்டார். தலைவர் எழுதிய கடிதத்தைத் தொடவே மாட்டார். “ஹெல்மெட்டுல ஒரு பொட்டுச் சேறு இல்ல. இந்த ஆளு பேச்சை நான் எதுக்குக் கேக்கணும்?” என்பார். துளைப் பட்டியலை மட்டும் எழுத்தெண்ணிப் படிப்பார். கெட்டிப் பாறையில் ஒரே வண்டியால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் போட்டதாகச் சொன்ன ஒரு கம்பெனியை, “இவன் காதுல பூ சுத்துறான்” என்று அன்றே ஒதுக்கினார். இரண்டு கம்பெனிகளில் கை சுட்டுக்கொண்டார். மூன்றாவதில் கிடைத்ததில் வீட்டுக்குப் புது மின்விசிறி வந்தது. போட்டதெல்லாம் சின்னத் தொகை என்பதால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. மழை மாதத்தில் அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதும் நின்றது. அதுதான் பெரிய லாபம் என்று மனைவி கணக்கு வைத்திருந்தார்.

அந்த அம்மாள் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். முப்பது தையல் இயந்திரங்கள், முப்பது பேர். ஒருவர் கை தைப்பார், ஒருவர் பை வைப்பார், ஒருவர் பட்டன் துளை போடுவார். இவருக்குக் காலர். பதினொரு வருடமாகக் காலர் மட்டும். “ஒரு சட்டைய நானே வெட்டி, நானே தச்சு, நானே மடிச்சு ஒருத்தர் கையில குடுக்கணும்” என்று எப்போதாவது சொல்வார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்ததை இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவரிடம் கொடுத்து, “உங்க மலைக் கம்பெனி ஏதாவது ஒண்ணுல போடுங்க. உங்களுக்குத்தான் பாறை பேசுமே” என்றார். கிண்டல்தான், ஆனால் கொடுத்தது நிஜப் பணம். அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு மாதம் பட்டியல்களாகப் படித்து, வடக்கே ஒரு மலையில் துளை போட்டுக்கொண்டிருந்த கம்பெனியில் அதைப் போட்டார். தன்னுடையதையும் சேர்த்துப் போட்டார். விலை உடனே பாதியாக இறங்கி, ஒன்றரை வருடம் அங்கேயே படுத்துக்கிடந்து, மெல்ல எழுந்து, போட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அந்த ஒன்றரை வருடமும் அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் அறையைக் காலி செய்தார். ஒரு தையல் இயந்திரமும் துணி வெட்டும் மேசையும் கச்சிதமாக அடங்கும் அறை. அறையின் சொந்தக்காரர் பக்கத்து மருந்துக் கடைக்காரர். “மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன்மா. அதுக்கப்புறம் செல்போன் கடைக்காரர் கேட்டிருக்காரு” என்றார். முன்பணம் கொடுக்க அந்த மலைக் கம்பெனிப் பங்கை விற்றாக வேண்டும். மனைவியுடையது மட்டும் போதாது, அவருடையதும் வேண்டும்.

அதே வாரம் கம்பெனியின் புதிய துளை முடிவுகள் வந்தன. முடிவுகள் நன்றாகவே இருந்தன. அதே பங்கில் தானும் போட்டிருந்த மச்சினன் தொலைபேசியில் துள்ளினான். “மாமா, இப்ப யாராவது விப்பாங்களா? ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருங்க. அந்த ரூம் இல்லன்னா வேற ரூம். அக்காவுக்கு நான் சொல்றேன்.”

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை மூன்று முறை படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு. நான்காம் குழி எங்கே? ஏழும் பதினொன்றும் எங்கே?

அவருடைய வண்டி முதலாளி ஒரு ஆல்பம் வைத்திருந்தார். புது வாடிக்கையாளர் வந்தால் அதைத்தான் முதலில் நீட்டுவார். பக்கத்துக்குப் பக்கம் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். புகை வந்த குழி ஒன்றுக்குக்கூட அதில் இடம் கிடையாது. இவர் டயரைப் பார்த்த குழிகள் அவை.

“மாப்ளே, வறண்ட குழியை எவனும் வெளிய சொல்ல மாட்டான். பன்னெண்டுல மூணை முழுங்கியிருக்காங்க. கேட்டு ஒரு கடிதாசி போடு” என்றார். மச்சினன் முனகிக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டு வாரம் இல்லை. அவருக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. நல்ல குழியைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வராதா?

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். “நான் படிச்ச வரைக்கும் இதுல ஏதோ மறைக்கிறாங்க. வித்துடலாம்னு நினைக்கிறேன். ஏறிப்போச்சுன்னா என்னைத் திட்டாத.”

“உங்களுக்கு நிச்சயமாத் தோணுதா?”

“நிச்சயமாத் தோணுது.”

“அப்ப வித்துடுங்க” என்றார் அந்த அம்மாள். அவ்வளவு சுருக்கமாகச் சொன்னது அவரைத் தொந்தரவு செய்தது. இத்தனை வருடச் சேமிப்பை ஒருவர் தன் வார்த்தையின் மேல் இப்படி வைத்துவிட்டால், அந்த வார்த்தை பொய்த்துப் போகக்கூடாது. பணம் போவதைவிட, இனி ஒருமுறை “உங்களுக்கு நிச்சயமாத் தோணுதா” என்று அவள் கேட்காமல் போய்விடுவாளோ என்பதுதான் அவருடைய பயம். அவர் விற்றார். அறையின் சாவி கைக்கு வந்தது.

விற்ற பதினெட்டாம் நாள் பங்கு விலை இரட்டிப்பானது. அடுத்த மாதம் மூன்று மடங்கு. பெரிய சுரங்கக் கம்பெனி ஒன்று மலையையே விலைக்குக் கேட்கிறது என்று செய்தி வந்தது. மச்சினன் அவசரப்படாமல் காத்திருந்து, இப்போதுதான் தன்னுடையதில் பாதியை விற்றிருந்தான். அவன் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கி, “என்ன மாமா, எத்தனை அடி ஏறியிருக்கு பாத்தீங்களா?” என்று கேட்டான். அவரும் சிரித்து வைத்தார். மனைவி எதுவும் சொல்லவில்லை. திட்டாதே என்று தான் சொல்லிவைத்ததைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாளா, அல்லது திட்டவும் தோன்றவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. வேலையிடத்தில் ஒரு நாளில் இரண்டு முறை டயர் பார்த்தார், இரண்டு குழியிலும் தண்ணீர் வந்திருந்தும்.

கடிதத்துக்குப் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கம்பெனியின் பாறை நிபுணர் எழுதியிருந்தார். மலையில் இருந்ததால் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும் என்று தொடங்கி, விவரம் சொல்லியிருந்தார். மச்சினன் தொலைபேசியில் அதைத் தமிழில் வாசித்தபோது அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகத் தெருமுனைக்கு நடந்தார். வேறு யாராவது சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது.

அந்த அம்மாள் வெட்டும் மேசையில் நீலத் துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் நான்கு சட்டைகள் தொங்கின. நான்கும் அவரே முழுதாகத் தைத்தவை. நேரம் கெட்ட நேரத்தில் புருஷன் வந்து நிற்பதைப் பார்த்ததும் கோடு போடுவதை நிறுத்தினார்.

“என்னங்க, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பெனிக்காரன் பதில் போட்டிருக்கான்.” அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் முடிவு செய்து வந்திருந்தார். “அந்த மூணு குழியையும் அவங்க மறைக்கல. அது தங்கத்துக்குப் போட்ட குழியே இல்லையாம். மலை மேல கூடாரம் போட்டு நாப்பது பேரு தங்கியிருக்காங்க. டிரில் ஓடவும் தண்ணி வேணும். அதுக்காக, தண்ணிக்குப் போட்ட போராம். எல்லாத்துக்கும் வரிசையா நம்பர் போட்டுட்டாங்க. தங்கப் பட்டியல்ல அதை எதுக்குச் சேக்கணும்னு விட்டுட்டாங்க.”

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். “தண்ணிக்கா?”

“தண்ணிக்குத்தான்.”

“இருபத்திரண்டு வருஷமா தண்ணிக்குக் குழி போடுற மனுஷன் நீங்க. மலை மேல இருக்கிறவங்களுக்குத் தண்ணி வேணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

“தோணல” என்றார். “தங்கத்தைப் பாத்த கண்ணுக்கு அது தெரியல.”

அந்த அம்மாள் சிரிக்கத் தொடங்கினார். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கணவருக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. ஒரு மாதமாக அந்தச் சிரிப்பைக் கேட்காமல் இருந்தது அப்போதுதான் உறைத்தது.

“விலை ஏறினப்ப எனக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய்” என்றார் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ரெண்டு நாள் மனசே சரியில்ல. மூணாம் நாள் அந்தச் செல்போன் கடைக்காரர் வந்து, ரூம் போச்சேன்னு வாசல்லயே நின்னு புலம்பிட்டுப் போனாரு. அப்புறம் நான் அதை நினைக்கவே இல்ல. நீங்கதான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க. நானா எதுவும் கேட்டா இன்னும் சுருங்கிப் போவீங்கன்னு கேக்கல.”

“நான் சொன்னது தப்பாப் போச்சே. அதான்.”

அந்த அம்மாள் மறுபடி சுண்ணக்கட்டியை எடுத்தார். ஏதோ கணக்குப் போடுவதுபோல நின்றார். “அந்த மூணுலயும் தண்ணி வந்துச்சாமா?”

அவர் நிமிர்ந்தார். அதையும் கேட்டுத்தான் வைத்திருந்தார். கடிதத்தை வாசிக்கக் கேட்டபோது முதலில் அவருடைய காது போனதே அங்கேதான். “ஏழுலயும் பதினொண்ணுலயும் நல்ல தண்ணியாம்.”

“நாலுல?”

“முந்நூத்தி எண்பது அடி போட்டும் வெறும் புகை.”

“அப்ப அது வறண்ட குழிதானே” என்றார் அந்த அம்மாள். “மூணுல ஒண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இந்தத் துணியோட அந்த முனையக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.”

அவர் எழுந்து போய்ப் பிடித்தார்.