புகார் வந்தால் தண்ணீர் கலங்கும்

என் தம்பிக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. ஆனால் குழாய், மோட்டார், தொட்டி எதிலும் அவன் கை படுவதில்லை. அலுவலகத்தின் பின்கட்டில், பழைய ஃபேன் ஒன்று முனகிக்கொண்டே சுற்றும் அறையில் உட்கார்ந்து, தண்ணீரைப் பற்றிக் கோடு போடுவதுதான் அவன் வேலை. இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று நீரேற்று நிலையத்திலிருந்து தினமும் ஓர் எண் வரும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு ஏறினால் தண்ணீர் கலங்கல், இறங்கினால் தெளிவு. அலுவலகத்தில் அவனுக்கு ‘கிராப் சார்’ என்று பெயர்.

நல்லவன். ஆண்டவன் அவனுக்குப் பொய் பேசத் தெரியாத நாக்கைக் கொடுத்திருக்கிறான். ஆனால் அந்த நாக்கு எதையும் அடித்துச் சொல்லாது. “சாப்பிட்டியாடா?” என்றால், “சாப்பிட்டிருப்பேன்னு நினைக்கிறேன்க்கா” என்பான். கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவனிடம், “பிடிச்சிருக்கா?” என்று கேட்டோம். “ஒரு தடவை பார்த்ததை வச்சு எப்படி முடிவு பண்றது?” என்றான். அந்தப் பதில் காற்றுவாக்கில் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. என் தம்பி மனைவி அதை இத்தனை வருஷமாக ஊறுகாய் மாதிரி ஊறப்போட்டு வைத்திருக்கிறாள். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று அவன் வாய் திறந்தால் போதும், “ஒரு வாய் தின்னதை வச்சு எப்படிங்க முடிவு பண்றது?” என்பாள்.

அவளுக்கும் அதே அலுவலகம்தான். இவன் பின்கட்டு, அவள் முன்கட்டு. புகார் ஜன்னல் அவளுடையது. தண்ணீர் கலங்கலாக வந்தால் ஊரே ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே ஆட்டும். “இந்தத் தண்ணிய நீ குடிப்பியாம்மா?” என்று கேட்கும். அவளும் சளைக்க மாட்டாள். “எங்க வீட்டுக்கும் இதே குழாய்தான்யா. நான் என்ன மேகத்துல இருந்தா பிடிச்சுக் குடிக்கிறேன்?” என்பாள். சாயங்காலம் அன்றைக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையைப் பின்கட்டுக்கு அனுப்புவாள். ஆக, புருஷனுக்கு இரண்டு எண்கள். ஒன்று நீரேற்று நிலையம் கொடுப்பது, மற்றொன்று பெண்டாட்டி கொடுப்பது.

ஜன்னலுக்கு நேர் மேலே வாரியத் தலைவரின் அறை. அவரைப் பெரியவர் என்பார்கள். கீழே ஜனங்கள் போடும் சத்தம் அவருடைய மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இந்த வருஷம் அந்தப் பெரியவர் என் தம்பியைக் கூப்பிட்டார். “ஆண்டுக் கூட்டத்துல காட்ட ஒரு படம் வேணும். தண்ணியும் புகாரும் ஒரே படத்துல வரணும். பார்த்தா பளிச்சுனு புரியணும்” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கம்ப்யூட்டரில் கோடு போடுவதற்கென்றே ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. மகா புத்திசாலி, ஆனால் மகா பிடிவாதம். தேதிகளைத் தேதி என்று நாம் சொல்லித் தராவிட்டால் அதற்கு அது வெறும் எழுத்து. ஒன்றாம் தேதிக்குப் பிறகு பத்தாம் தேதி, அப்புறம் பதினொன்று, எல்லாம் முடிந்து சாவகாசமாக இரண்டாம் தேதி. கோடு பேய் பிடித்த மாதிரி குதித்தது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது, இதயம் நின்னு நின்னு ஓடுது?” என்றார். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஜன்னல் மூடியிருக்கும், புகார் இருக்காது. சாப்ட்வேர் அதைச் சுழி என்று எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை கோட்டைப் பாதாளத்தில் தள்ளியது. பெரியவருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துப்போயிற்று.

“பாத்தியா, ஞாயித்துக்கிழமை நம்ம தண்ணி எவ்வளவு சுத்தம்!”

“இல்ல சார், அன்னைக்கு ஜன்னல் லீவு…”

“அதத்தான்யா நானும் சொல்றேன். ஜன்னல் லீவு, தண்ணி சுத்தம்.”

அந்த விதை அன்றைக்கே அவர் மனதில் விழுந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசி வேலைதான் உயிரை வாங்கிய வேலை. தண்ணீர் கலங்கிய அன்றைக்கே யாரும் புகாருக்கு வருவதில்லை. ஒரு நாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் வடிகட்டிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் பாட்டிலோடு கிளம்புவார்கள். ஆகவே தண்ணீர்க் கோட்டைச் சில நாள் பின்தேதிக்கு நகர்த்தினால் புகார்க் கோட்டின் மேல் அச்சாகப் படியும் என்பது தம்பியின் கணக்கு. எத்தனை நாள் நகர்த்துவது என்று சாப்ட்வேரில் ஓர் எண் கொடுக்க வேண்டும். மூன்று என்றான். இரண்டு கோடும் சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி இன்னும் விலகிப் போயின. சரி, மறுபக்கம் பார்ப்போம் என்று மைனஸ் மூன்று கொடுத்தான். இரண்டும் கட்டிப் பிடித்துக்கொண்டன!

கோடு பொருந்திய சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். பொருந்தியதற்கு அர்த்தம் என்ன என்று யோசித்தவனுக்கு வியர்த்துவிட்டது. மைனஸ் மூன்று என்றால், முதலில் புகார் வருகிறது, மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கலங்குகிறது!

பென்சிலால் கோடு போட்டு நிதானமாகப் பார்க்கலாம் என்று அதைப் பிரிண்ட் கொடுத்தான். அலுவலகத்துக்கு ஒரே பிரிண்டர், அது பெரியவர் அறை வாசலில் இருக்கிறது. இவன் மாடிப்படி ஏறுவதற்குள் காகிதம் அவர் கையில்.

“அபாரம்யா! நான் அப்பவே சொன்னேன்ல?”

“சார், இதுல ஏதோ தப்பு இருக்கலாம் சார். இன்னும் பார்க்கணும்.”

“உனக்கு எதுலதான் தப்பு இருக்காது? போன வாரம் மழை வருமான்னு கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கொட்டிட்டு இருக்கு, நீ வந்திருக்கலாம்ங்கிற.”

எப்போதும் ‘இருக்கலாம்’ என்பவன் வாயிலிருந்து வரும் எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? மறுநாளே உத்தரவு தயார். அடுத்த மாதம் முதல் புகார் ஜன்னலைப் பரீட்சார்த்தமாக மூடுவது. ஜன்னல் பெண்மணியை ஊருக்கு வெளியே உள்ள நீரேற்று நிலையத்துக்கு மாற்றுவது. கூட்டத்தில் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதுதான் பாக்கி. நீரேற்று நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் வந்தால் உண்டு. அங்கே மனித முகம் என்று பார்த்தால் காவல்காரர் ஒருவர்தான், அவருக்கும் காது கேட்காது.

என் தம்பி மனைவி அன்று வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அண்ணி, கேட்டீங்களா உங்க தம்பி லட்சணத்த? நான் ஜன்னல்ல உக்கார்றதாலதான் ஊர்ல தண்ணி கலங்குதாம். கம்ப்யூட்டர் சொல்லிருச்சாம்!”

“கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லல. கோடு அந்தப் பக்கமா பொருந்துது, அவ்வளவுதான்” என்றான் இவன்.

“காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை கேட்டிருக்கேன். பனம்பழம் விழுந்ததால காக்கா பொறந்துச்சுன்னு இவர்தான் சொல்றாரு!”

நான் நடுவில் பேசவில்லை. நாத்தனார் நாக்கு நீளாமல் இருப்பதே ஒரு வீட்டுக்குச் செய்யும் புண்ணியம். ஆனால் அவளுக்காக மனம் அடித்துக்கொண்டது. அந்த ஜன்னலில் திட்டு வாங்கியே அவள் ஊர் முழுக்க உறவு சம்பாதித்திருந்தாள். திட்ட வந்தவர்கள் பேரனின் பரீட்சை வரைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை மூடிவிட்டால் ஊருக்குச் சொல்ல இடமில்லை, இவளுக்குக் கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பிரார்த்தனை முடித்து வந்து மேஜையின் ஒரு முனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் தம்பி லேப்டாப்பைத் திறந்துவைத்து, திருட்டுப் பொருளைத் தேடும் போலீஸ் மாதிரி அதைத் துருவிக்கொண்டிருந்தான். எண்களை மறுபடி ஏற்றினான். தேதிகளைச் சரிபார்த்தான். எல்லாம் சரி, கோடு மட்டும் மறுபடி மறுபடி அதே தலைகீழ்.

“ஏன்டா, விளக்கை ஏத்தினாத்தான வெளிச்சம் வரும்? ஆண்டவன் வச்ச வரிசையை உன் பெட்டி மாத்துமா?” என்றேன்.

“மாத்தாதுக்கா. மாத்தினது யாருன்னுதான் தேடுறேன்.”

அப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான். பெரிய குழாய் வெடித்த நாள் ஒன்று உண்டு. அது செவ்வாய்க்கிழமை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் அன்றைக்குச் சந்தைத் தெருவே முழங்கால் சேற்றில் நின்றது. மற்ற எல்லா நாளையும் அழித்துவிட்டு, அந்த வாரத்தை மட்டும் வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு மேடு. அதை மூன்று நாள் தள்ளு என்று சாப்ட்வேருக்குச் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குப் போக வேண்டிய மேடு, அதற்கு முந்தின சனிக்கிழமையில் போய் உட்கார்ந்தது.

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். “இது முன்னாடி தள்ளுதுக்கா! நான் பின்னாடி போகும்னு நினைச்சு எண் கொடுத்திருக்கேன். இது எண்ணை வாங்கிட்டு எதிர்ப்பக்கம் போகுது. மைனஸ் போட்டாத்தான் நான் நினைச்ச பக்கம். அப்போ பொருந்தினது சரிதான், நான் படிச்சதுதான் தலைகீழ்!”

அடுப்படியிலிருந்து அவன் மனைவி தலையை நீட்டினாள். “அதாவது?”

“அதாவது, தண்ணி முதல்ல கலங்குது. மூணு நாள் கழிச்சுப் புகார் வருது.”

“அட, என் ராசா!” என்றாள் அவள். “இதை என்கிட்ட கேட்டிருந்தா பாத்திரம் கழுவிட்டே சொல்லிருப்பேனே.”

திங்கட்கிழமை காலையில் பெரியவரிடம் போனான். “கூட்டத்துக்கு எல்லாம் ரெடி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்பது வரவே இல்லை. நேராகக் கூட்டம்தான் வந்தது.

கூட்டத்தில் நடந்ததை என் தம்பி மனைவி சொல்லித்தான் தெரியும். ஜன்னலின் பொறுப்பாளர் என்று அவளையும் கூப்பிட்டுக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்களாம். உறுப்பினர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே பார்த்தார்கள். பெரியவர் குச்சியால் தட்டினார்.

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. இங்க புகார்தான் மணி, கலங்கல்தான் யானை. மணியை அவுத்துட்டா யானை வராது!”

கைதட்டல். ஓர் உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம், “சயின்ஸ்னா சயின்ஸ்தான்” என்றாராம்.

என் தம்பி எழுந்தான். “சார், அந்தப் படத்துல கோடு நகர்ந்திருக்கு.”

“எப்படி நகரும்? நாலு பக்கமும் ஆணி அடிச்சிருக்கே.”

“படம் இல்ல சார். அதுக்குள்ள இருக்கிற தண்ணிக் கோடு.”

“நகர்ந்திருக்கலாம்ங்கிறியா?” என்று பெரியவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரே விடையையும் எடுத்துக்கொடுத்துவிட்டார் பாருங்கள். ‘ஆமாம், இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவன் வேலைக்கும் பங்கமில்லை, பெயருக்கும் பங்கமில்லை.

“இல்ல சார். தப்பு. நூத்துக்கு நூறு தப்பு. தப்பு என்னோடது. எந்தப் பக்கம் தள்ளும்னு பார்க்காம கோட்டைத் தள்ளிட்டேன். தண்ணி கலங்கினதுக்கு அப்புறம்தான் புகார் வருது. ஜன்னலை மூடினா தண்ணி தெளியாது. நமக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதான்.”

கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷன் ஒரு விஷயத்தை இப்படி உறுதியாகச் சொல்லிக் கேட்டதில்லை என்றாள் அவள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு, “அது என்னைப் பத்தி இல்ல, ஒரு கோட்டைப் பத்தி. என் விதி!” என்றாள்.

சயின்ஸை மெச்சிய அந்த உறுப்பினர் பிஸ்கட்டைக் கீழே வைத்தாராம். “ஏன் தம்பி, முதல்ல தண்ணி கெடும், அப்புறம் ஜனங்க திட்டும். இதைச் சொல்லவா ஒரு வருஷமா உக்காந்து படம் போட்டீங்க? இது என் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியுமே!”

பெரியவர் சட்டென்று அந்தப் படகில் தாவி ஏறிக்கொண்டார். “நானும் அதைத்தாங்க கேக்குறேன்! ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு ஒரு தனி அறை, ஒரு ஃபேன், ஒரு ஆள்!” படம் பொய் சொன்னபோது அது சயின்ஸ். உண்மையைச் சொன்னதும் வீண் செலவு. ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும். எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

ஜன்னலை மூடும் உத்தரவைப் பெரியவர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதிலுக்கு வேறோர் உத்தரவு அங்கேயே பிறந்தது. பின்கட்டு அறை மூடப்படும். கிராப் சார் முன்கட்டுக்கு வருவார். “தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிற மனசு எல்லாருக்கும் வராது. புகார் ஜன்னலுக்கு இப்படி ஒரு ஆள்தான் இத்தனை நாளா இல்லாமப் போச்சு” என்று பெரியவர் பாராட்டியே அனுப்பி வைத்தாராம். அதற்கும் கைதட்டல்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். இவன் முகம் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. லேப்டாப்பை அலமாரியில் வைத்துவிட்டு, எதிலும் சாயாமல் உட்கார்ந்தான். பரிதாபமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவன் மனைவி முந்திக்கொண்டாள். தட்டில் சோற்றைப் போட்டு, என்றுமில்லாத திருநாளாகத் தானே பிசைந்து அவன் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கெல்லாம் ஜன்னல் திறக்கணும். காத்து வர்ற நாற்காலி என்னோடது. கால் ஆடுற நாற்காலி உங்களுக்கு. யாராவது பாட்டிலை நீட்டினா, சரிதான், கலங்கலாத்தான் இருக்குன்னு முதல்ல சொல்லிடணும். மத்ததெல்லாம் அப்புறம். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது” என்றான் என் தம்பி.