நாக்கில் படிந்த வெள்ளை

யுத்தத்தின் கடைசிக் காலம். ஒரு காலையில் பன்விலயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வருவதற்குள் எனக்கு நரைத்துவிடும் என்பதால், எங்கள் டாக்டரம்மா உடம்பைப் பார்த்தே கணக்குப் போடுவார். எடை, கழுத்துக் கட்டி, முக்கியமாக வாய். ஆரம்பத்தில் என் நாக்கில் தயிர் பூசியதுபோல வெள்ளை படிந்திருந்தது. மாத்திரை தொடங்கியபின் மறைந்தது. அது திரும்பி வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தம். வேறு மருந்தோ அந்த நாளில் லேசில் கிடைக்காது.

வீட்டிலிருந்து புறப்படும்போது மனைவி, கோயில் திருநீற்றைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். கண்டிக்குள் நுழையும் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பொட்டலத்தைப் பிரித்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்துவிட்டது. வெடிமருந்து இல்லை என்று காட்ட, அத்தனையையும் வாயில் கொட்டிக்கொண்டேன்.

"நமக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாமே அண்ணே," என்றார் பின்னால் நின்றவர். சிப்பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொன்னார்.

பயத்தில் எச்சில் வற்றிப்போயிருந்தது. நேரமும் ஆகிவிட்டதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினேன்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "ஆ காட்டுங்கோ," என்று டோர்ச் அடித்தவரின் முகம் விழுந்துவிட்டது.

"நாக்கு முழுக்க வெள்ளை. மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களோ?"

"ஒரு நாளும் விட்டதில்லீங்க."

வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்தேன். திருநீறு ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் மரக்குச்சியால் நாக்கைச் சுரண்டி, கையுறை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு மோந்தார்.

"இதென்ன, கோயில் மணக்குது?"

நடந்ததைச் சொன்னேன். கொப்புளித்துவிட்டு வரச் சொல்லி, மறுபடி டோர்ச் அடித்தார். மேல், கீழ், கன்னத்து உள்பக்கம், எங்கும் வெள்ளை இல்லை. கழுத்தில் கட்டி இல்லை. எடையும் ஏறியிருந்தது.

"மருந்து நல்லா வேலை செய்யுது," என்றவர் அப்படியே கதிரையில் சாய்ந்தார். "எனக்கு ஒருக்கா உயிர் போய் வந்திட்டுது தம்பி. இனிச் சாவடியில வாயைத் திறக்காதேங்கோ."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதுவரை இந்த நோயும் பயமும் எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன். என் நாக்கைப் பார்த்து இன்னொருவருக்கும் உயிர் போய் வரும் என்று தெரிந்துகொண்ட தெம்பில்தான் இன்றைக்கும் மாத்திரையை விழுங்குகிறேன்.