எரிநட்சத்திரமும் ஐந்து பூவும்

என் வீட்டுக்காரரை நான் சந்தேகப்பட்டேன். ஒளிப்பானேன்? கோலா தெர்லாவிலிருந்து ரிங்லெட்டுக்குக் காய்கறியும் பூவும் ஏற்றி லோரி ஓட்டுகிறவர், ஐந்து மணிக்கு வரவேண்டியவர் ஏழு மணிக்கு வந்தார். கேட்டால், "ரோட்டுல ஜாம்லா" என்பார். அதே ரோட்டில் வரும் பஸ் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்!

தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு வேறு பயம். போன மாதம் ஒரு சாயங்காலம் தேயிலை மலைக்கு மேலே எரிநட்சத்திரம் ஒன்று விழுந்தது. பார்த்தவர்கள் உடனே ஐந்து பூவின் பெயரைச் சொல்லவேண்டுமாம், இல்லாவிட்டால் மறதி பிடிக்குமாம். நாத்தனாருக்காக நானும் சொல்லிவைத்தேன். இவர் மட்டும் சொல்லாமல் சிரித்து மழுப்பினார்.

"அன்னிக்கே சொன்னேன், கேட்டானா? இப்ப எல்லாத்தையும் மறக்குறான். இனிமே தெனம் காலையில அஞ்சு பூ பேரைச் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போவணும்."

"அது வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசு, அண்ணி. நான் டீ ஃபேக்டரியில சலிக்கிற டஸ்ட் மாதிரிதான் இருக்குமாம். காத்துல எரிஞ்சு போவுது. அது எப்படி மனுசன் மண்டைக்குள்ள பூரும்?"

"ஆமா, ஃபோனைப் பாத்துட்டுப் பேச வந்துட்டா!"

எனக்கு அந்த மறதியிலேயே நம்பிக்கை இல்லை. சாவியை மறந்தது, கேஸ் வாங்க மறந்தது, எல்லாம் நடிப்பு. மறக்கிறவர் ஜாக்கெட்டை மட்டும் யாரையும் தொட விடவில்லையே! துவைக்கக் கேட்டால், "நானே தொவைச்சுக்கிறேன், விடு" என்று பிடுங்கிக்கொள்வார். தினமும் காலையில் அக்காவுக்காகப் பூப்பெயர் சொல்லும்போதும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனதும் ஜாக்கெட் பைக்குள் கைவிட்டேன். மடித்த தாள் ஒன்று கிடைத்தது. எவள் பெயராவது இருக்கட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பிரித்தேன்.

அவர் கையெழுத்துதான். மேலே மல்லி, ரோசா, செவந்தி, தாமரை, அரளி. அந்த ஐந்தும் புது மையில் இருந்தன. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் பழசு, மங்கிப்போயிருந்தது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லைனுக்குத் திரும்பும் வழியைக் கோடு போட்டு வரைந்திருந்தார். மடிப்பெல்லாம் நைந்து கிழிந்திருந்தது. ஒரு மாதத்தில் அப்படி நையாது.

கடைசியில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கத்தான் இருந்தது. பக்கத்தில், 'பொண்டாட்டி' என்று எழுதியிருந்தார்.

என் பெயர்தான்.