படம் எந்தப் படகோடு போவது

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே காஜா மொய்தீன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். பக்கத்துத் தையல் கடை என்னுடையது. சொன்ன நாளில் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்ததாக அவனுக்குச் சரித்திரமே கிடையாது. கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளித்து அனுப்பும் திருப்பணி என் தலையில். அப்படிப்பட்டவன் கையில் 1979இல் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் அவன் மனைவி உம்மு சல்மாவின் அண்ணன் சுலைமான். சிங்கப்பூரில் விளையாட்டு மெஷின் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். ஒரு பலகை, அதில் எண் பொத்தான்கள், திருக இரண்டு குமிழ், டி.வி.யில் மாட்ட ஒரு ஒயர், அவ்வளவுதான் அந்தக் கம்ப்யூட்டர். இதைக் கற்றுக்கொண்டால் உனக்கும் அங்கே வேலை, லீவு முடிந்ததும் கூடவே அழைத்துப் போகிறேன் என்றார். போனால் இரண்டு வருஷம் திரும்ப முடியாது. உம்மு சல்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அவன் போகாமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. கடற்கரை ஓட்டல் மேனேஜர் தாமோதரன், இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றை டி.வி.யில் செய்து காட்டினால் ஓட்டலில் வைப்பதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள காஜாவையே வேலைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

கடலில் இரண்டு படகுகள் மீன் பிடிக்கும் விளையாட்டு. ரிப்பேருக்கு வந்திருந்த டி.வி. சின்னது, கடல் பெரியது. ஆகவே படகு போகப் போகப் படமும் கூடப் போக வேண்டுமாம். பகலெல்லாம் எண்களைத் தட்டுவான். கரண்ட் போனால் தட்டியதெல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் படகு வலது பக்கம் போனால் கரையில் இருந்த கோயிலும் கூடவே வலது பக்கம் ஓடியது. கோயில் எதற்கடா மீன் பிடிக்கப் போகிறது என்று கேட்டேன். "பேஜாரு பண்ணாத அண்ணாத்த. படகு இந்தப் பக்கம் போனா கரைய அந்தப் பக்கம் தள்ளணும், மாத்திப் போட்டுட்டேன்" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அலை மோதினால் படமே குலுங்குகிற மாதிரி செய்தான். தரையில் உட்கார்ந்திருந்த எனக்குக் குமட்டியது.

இரண்டு படகில் எதன் பின்னால் படம் போவது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் படத்தை நிறுத்தினான். எங்கள் கடலில் இரண்டு கட்டுமரம் நடுவில் ஒரு வலையை இழுத்துக்கொண்டு சேர்ந்தே போகும், ஒன்றை விட்டு ஒன்று போகாது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஓட்டலில் தாமோதரன் ஒரு குமிழைப் பிடித்தார், காஜா இன்னொன்றை. மெட்ராஸ்காரரான தாமோதரன் எடுத்த எடுப்பில் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். ஒரு படகு இடது ஓரத்தில் மறைந்தது, இன்னொன்று வலது ஓரத்தில். டி.வி.யில் வெறும் கடல். என் படகு எங்கே என்று அவர் கேட்க, காஜா டி.வி.க்கு வெளியே, இடது பக்கம் இருந்த பூச்சாடியைக் காட்டினான். அவனைப் பொறுத்தவரை அது உண்மை. அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுலைமான்தான் தேற்றினார். அவர்கள் தொழிற்சாலை மெஷினில் யார் முந்துகிறாரோ அவரோடு படம் போகும், பின்தங்கியவர் மறைந்தால் ஆட்டத்திலிருந்து அவுட். காஜா ஒரே மத்தியானத்தில் அப்படி மாற்றிவிட்டான். அருமையாக ஓடியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இருவரும் சிங்கப்பூருக்குக் கிளம்புவதென்று முடிவாயிற்று.

கிளம்புவதற்கு முதல் நாள் உம்மு சல்மா சோறு கொண்டுவந்தாள். அவளை ஒரு குமிழ் முன்னால் உட்காரவைத்து ஆடினான். அவன் படகு முந்தியது. அவள் படகு ஓரத்துக்குப் போய்க் காணாமல் போனது. அவ்வளவுதான், நீ அவுட்டு என்று சந்தோஷமாகச் சொன்னான். அவள் குமிழை விடவில்லை, திருகிக்கொண்டே இருந்தாள். படகு போய்விட்டது, விட்டுவிடம்மா என்றேன் நான். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"போவல. நான் ஓட்டிகினுதான் கீறேன். நீங்க பாக்கலன்னா நான் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் அவனிடம்.

 மெஷினுக்குள் எண்களாக அவள் படகு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். அதை டி.வி.யில் வரையாமல் விடும்படி மெஷினுக்குச் சொன்னது அவன்தான். அவன் தன் குமிழைத் திருப்பினான். படகு வந்த வழியே திரும்பியது. வெறும் கடல் வந்தது, இன்னும் கடல் வந்தது. ஒருவழியாக ஓரத்தில் அவள் படகின் மூக்கு தெரிந்ததும், நான் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அழுதுவிட்டான்.

வெள்ளிக்கிழமை சுலைமான் தனியாகத்தான் கிளம்பினார், பலகையையும் எடுத்துக்கொண்டார். வந்த வாழ்வை உதைத்துத் தள்ளிய மடையன் என்று காஜாவை நான் திட்டித் தீர்த்தேன். அவன் ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் செய்தது தப்பா அண்ணாத்த என்று கேட்டான். எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிற எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.